கறுப்பே அழகு என்ற ஊரில் சிவப்பழகு விற்பவர்கள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், நகைக்கடை விளம்பரத் தட்டிகளில் நிற்கும் மணப்பெண்கள் எல்லோரும் ஒரே நிறமாக இருப்பதைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள், இந்தப் பகுதிக்கு வழக்கமாக வருவனவற்றைவிட அதிகம். ஆகவே இம்முறை பதில்கள் அனைத்தும் விளம்பரங்களைப் பற்றியவையே. எழுதியோரின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: என் வகுப்பில், ஏழாம் வகுப்பு, ஒரு மாணவி ஆண்டு விழா நடனத்தில் முன்வரிசையில் நிற்க மறுத்துவிட்டாள். "நான் கலர் கம்மி டீச்சர், பின்னாடியே நிக்கிறேன்" என்றாள். விசாரித்தபோது, அவளுடைய பாட்டியே வீட்டில் அப்படித்தான் சொல்வார் என்று தெரிந்தது. தொலைக்காட்சி வருவதற்கு முன்பிருந்தே நம் வீடுகளில் இந்த எண்ணம் இருந்திருக்கிறது. அப்படியிருக்க, விளம்பரத்தைக் குறை சொல்வது நியாயமா?
– ஓர் ஆசிரியை, மேலூர்

பதில்: இருந்தது என்பது உண்மைதான். விளம்பரம் தானாக ஒரு பாகுபாட்டைக் கண்டுபிடிப்பது மிக அரிது; நம் வீட்டுத் திண்ணையில் கிடப்பதைத்தான் அது கடனாக எடுத்துச் செல்கிறது. ஆனால் வட்டி போட்டுத் திருப்பித் தருகிறது. நாம் கணக்குப் பார்க்க வேண்டியது அந்த வட்டியைத்தான்.

அந்தப் பாட்டி சொல்வது ஒரு பாட்டியின் பேச்சு. பக்கத்து வீட்டிலேயே "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்று மறுத்துப் பேச இன்னொரு பாட்டி இருப்பார், இருந்தார். பழைய கவிதைகளில் தலைவியின் அழகு மாந்தளிர் போன்ற 'மாமை' நிறமாகவே போற்றப்பட்டது. அந்த நிறம் மங்கிப் பசலை படர்வதுதான் அவளுக்குத் துன்பம். ஆக, வீட்டுப் பேச்சில் இரண்டு குரல்கள் இருந்தன. விளம்பரம் அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு இசை சேர்த்து, ஒரு நடிகையின் முகத்தைக் கொடுத்து, நாள்தோறும் பலமுறை, எதிர்ப்பேச்சுக்கு இடமே இல்லாமல் சொல்கிறது. அதைவிட முக்கியமாக, பாட்டியின் பேச்சில் இல்லாத ஒன்றை, அதாவது ஒரு காரண காரியக் கதையை, அது சேர்த்துவிடுகிறது. பாட்டி "கலர் கம்மி" என்று பெருமூச்சு விடுவதோடு நிறுத்திக்கொள்வார். விளம்பரமோ, நிறம் குறைந்ததால் வேலை கிடைக்கவில்லை, வரன் அமையவில்லை, பேசத் துணிவில்லை என்று காட்டி, சில வாரங்களில் நிறம் ஏறியதும் இவை மூன்றும் தாமாகவே கைகூடுவதாகக் கதையை முடித்துவைக்கிறது.

இது நான் கற்பனை செய்து சொல்வதன்று. ஃபேர் அண்ட் லவ்லி என்ற சிவப்பழகுக் களிம்பு 1975ஆம் ஆண்டு இந்தியச் சந்தைக்கு வந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த அதன் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றில், ஓய்வுபெற்ற தந்தை ஒருவர், தமக்கு ஒரு மகன் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறார். அதைக் கேட்ட மகள் களிம்பைப் பூசிக்கொண்டு நிறம் மாறி, விமானப் பணிப்பெண்ணாகிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள். இதில் இரண்டு இழிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதைப் பாருங்கள்: பெண்ணாகப் பிறந்தது ஒரு குறை, கறுப்பாகப் பிறந்தது அதன்மேல் இன்னொரு குறை. முதல் குறையை நீக்க முடியாது, ஆனால் இரண்டாவதை நீக்கி முதலாவதற்கு ஈடு செய்துகொள்ளலாம் என்பதுதான் அங்கே விற்கப்பட்டது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் தொடர்ந்து புகார் செய்து போராடியதன் விளைவாக, 2003இல் அந்த விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது.

பிறகு 2014இல் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில், நிறத்தைக் கொண்டு எவரையும் தாழ்வாகக் காட்டக் கூடாது என்றும், களிம்பு பூசுவதற்கு முந்தைய முகத்தை வருத்தமாகவோ கவர்ச்சியற்றதாகவோ காட்டக் கூடாது என்றும் நெறிமுறை வகுத்தது. 2020இல் அந்தக் களிம்பின் பெயரிலிருந்து 'ஃபேர்' நீங்கி, 'குளோ' வந்தது. இன்றைய விளம்பரங்களில் வருத்த முகம் இல்லை. 'பொலிவு', 'பளபளப்பு', 'கரும்புள்ளி நீங்குதல்' என்ற சொற்கள் இருக்கின்றன. ஆனால் முகம் இரண்டாகப் பிரிந்து, இருண்ட பாதி மறைந்து வெளிர்ந்த பாதி முன்னே வரும் அந்தப் படம் எத்தனை விளம்பரங்களில் அப்படியே தொடர்கிறது என்று நீங்களே ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

தமிழ் விளம்பரம் செய்த இன்னொரு வேலையையும் ஆசிரியை என்ற முறையில் நீங்கள் கவனித்திருப்பீர்கள். 'சிவப்பழகு' என்று இரண்டு சொற்களை ஒட்டிவிட்டார்கள். ஒட்டியபின் அழகு தனியே பிரிந்து வேறொரு நிறத்தோடு சேர முடிவதில்லை. 'கறுப்பழகு' என்று சொன்னால் இன்றும் அது ஒரு பதில்வாதம் போலத்தான் ஒலிக்கிறது.

அந்த மாணவிக்கு அறிவுரை எதுவும் சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. நடனத்தில் வரிசையை உயரப்படி அமையுங்கள். எல்லோருக்கும் ஒரே விதியாக இருக்கட்டும். அவள் குள்ளமாக இருந்தால் முன்வரிசைக்கு வந்துவிடுவாள்.

கேள்வி: இனப் பாகுபாடு வெள்ளையர், கறுப்பினத்தவர் வாழும் நாடுகளின் பிரச்சினை. நம் ஊரில் சாதி உண்டு, நிறப் பார்வை உண்டு. ஆனால் இனம் என்ற சொல்லை இங்கே கொண்டுவருவது பொருந்துமா?
– ஒரு கல்லூரி மாணவர், உசிலம்பட்டி

பதில்: சொல் வேறு நாட்டிலிருந்து வந்திருக்கலாம், உத்தி ஒன்றுதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனில் பேர்ஸ் சோப்புக்கு வந்த ஒரு விளம்பரப் படத்தில், வெள்ளைக் குழந்தை ஒன்று கறுப்பினக் குழந்தையைத் தொட்டியில் வைத்துக் குளிப்பாட்டுகிறது. அடுத்த படத்தில் கறுப்பினக் குழந்தையின் உடல் முழுவதும் வெளுத்து, முகம் மட்டும் பழைய நிறத்தில் நிற்கிறது. கறுப்பு என்பது நிறமன்று, அழுக்கு என்பதே அந்தப் படத்தின் செய்தி. ஏறத்தாழ 130 ஆண்டுகள் கழித்து, 2016இல், சீனாவில் ஒரு சலவைப் பொருள் விளம்பரத்தில் கறுப்பின இளைஞர் ஒருவரைப் பெண்ணொருத்தி சலவை இயந்திரத்துக்குள் தள்ளுகிறாள். வெளியே வருபவர் வெளிர்நிறச் சீன இளைஞர். அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இடையில் ஒரு நூற்றாண்டும் ஒரு கண்டமும் இருந்தும், சோப்புக் குமிழிக்குள் இருந்த எண்ணம் மாறவில்லை.

அமெரிக்காவின் ஆன்ட் ஜெமைமா உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு. 1889இல் அப்பமாவுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்து ஆடிய மேடை நிகழ்ச்சிகளின் பாட்டொன்றிலிருந்து எடுத்த பெயர் அது. தலைத்துணி கட்டி, எந்நேரமும் சிரித்து, பிறர் வீட்டு அடுப்படியில் மகிழ்ச்சியோடு உழைக்கும் கறுப்பினப் பெண் என்பது அந்தச் சின்னம். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அந்த வேடத்தில் நின்று அப்பம் சுட்டுக் காட்டியவர் நான்சி கிரீன். அவர் அடிமையாகப் பிறந்தவர். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து ஒரு தலைமுறை ஆனபின்னும், அது ஒரு இனிய குடும்ப நினைவாக மாவுப் பொட்டலத்தின்மேல் தொடர்ந்தது. 2020இல்தான் அந்தச் சின்னத்தைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. அடுத்த ஆண்டு பெயரும் மாறியது. இங்கே இனத்தையும் பாலையும் எப்படிப் பிரிப்பீர்கள்? அவள் சமையலறையில் நிற்பது பெண் என்பதால். பிறர் சமையலறையில் நிற்பது கறுப்பினத்தவள் என்பதால்.

நம் நாட்டுக்கு வருவோம். 2023 ஜூன் மாதம், உலகச் சுற்றுச்சூழல் நாளையொட்டி, உணவு விநியோக நிறுவனமான சொமேட்டோ ஒரு விளம்பரம் வெளியிட்டது. புகழ்பெற்ற ஓர் இந்திப் படத்தில் தீண்டாமைக்கு உள்ளான பாத்திரத்தில் நடித்தவரை, அந்தப் பாத்திரத்தின் பெயரோடு, மறுசுழற்சி செய்த குப்பையாக, விளக்காகவும் பிற பொருட்களாகவும் அதில் உட்கார வைத்திருந்தார்கள். அந்தப் பெயருக்கே குப்பை என்றுதான் பொருள். எதிர்ப்பு எழுந்ததும் விளம்பரத்தை நீக்கிவிட்டார்கள். எவரையும் புண்படுத்தும் நோக்கம் தமக்கு இல்லை என்று அவர்கள் சொன்னதை நான் நம்புகிறேன். நோக்கமே இல்லாமல், ஒரு கூட்டத்தில் இருந்த ஒருவருக்கும் உறுத்தாமல் அது வெளிவந்தது என்பதில்தான் செய்தி இருக்கிறது.

நம்மையும் விட்டுவைக்க வேண்டாம். இந்தி விளம்பரங்களில் தமிழர் என்றால் பட்டை விபூதியும் லுங்கியும் 'அய்யோ'வும்தான் என்று நாம் கோபப்படுகிறோம், கோபம் சரியே. அதே நாம், நம் விளம்பரங்களில் கூர்க்காவையும் வட்டிக்கடைச் சேட்டையும் உடைந்த தமிழ் பேசும் கட்டடத் தொழிலாளியையும் கண்டு சிரிக்கிறோம். 'மதுரைக்காரன்' என்றால் மீசையும் அரிவாளும் என்று சென்னையில் எழுதுகிறவர்களுக்கு நாமே கைதட்டியதும் உண்டு.

கேள்வி: தெற்கு மாசி வீதியில் ஜவுளிக்கடை நிர்வாகம் பார்க்கிறேன். வெளிமாநிலத்து மாடல்களை வைத்துத்தான் தட்டி அடிக்கிறோம். வாடிக்கையாளர் விரும்புவதைத்தானே தர முடியும்? மாநிறப் பெண்ணை வைத்தால் வியாபாரம் படுத்துவிடாதா?
– ஒரு ஜவுளிக்கடை மேலாளர், மதுரை

பதில்: நேர்மையாகக் கேட்டிருக்கிறீர்கள், நானும் உங்கள் கல்லாவை மனத்தில் வைத்தே பதில் சொல்கிறேன். வாடிக்கையாளர் விரும்புகிறார் என்று எப்படி அறிந்தீர்கள்? இதுவரை ஒரே வகை முகத்தைத்தான் வைத்திருக்கிறீர்கள், வியாபாரம் நடந்திருக்கிறது. ஆகவே அந்த முகத்தால்தான் வியாபாரம் நடந்தது என்று முடிவு செய்கிறீர்கள். ஒரே ஒரு குழம்பை மட்டும் வைத்துப் பரிமாறிவிட்டு, எல்லோரும் அதைத்தான் விரும்பிச் சாப்பிட்டார்கள் என்று சொல்வதைப் போன்றது இது.

அரக்கு நிறப் பட்டும், மாம்பழ மஞ்சளும், கெம்புக்கல் வைத்த நகையும் கறுத்த மேனியில் எவ்வளவு எடுப்பாகத் தெரியும் என்பதை உங்கள் கடையில் நாள் முழுவதும் புடவை விரித்துப் போடுகிற பெண்களிடம் கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது உங்கள் தட்டிக்குத் தெரியாது. 2013இல் தனிஷ்க் நிறுவனம், சிறு மகளை உடைய ஒரு பெண்ணின் மறுமணத்தைக் காட்டி ஒரு நகை விளம்பரம் வெளியிட்டது. மணப்பெண்ணின் நிறம் மாநிறம். நாடு முழுவதும் பாராட்டிப் பேசினார்கள்.

முகம் மட்டும் மாறினால் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். மாநிறப் பெண்ணை அழைத்து வந்து, முகத்துக்கு இரண்டு படி வெளிறிய பூச்சுப் பூசி, விளக்கை ஏற்றி, அதன்பின் கணினியில் இன்னும் கொஞ்சம் வெளுக்க வைத்தால், நீங்கள் செலவழித்த பணம் வீண். கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணைக் கேட்காமலேயே நிறம் ஏற்றிவிடுகிற ஸ்டூடியோ வழக்கமும் இதே வகைதான். வீட்டார் பார்த்து மகிழ்கிறார்கள், அந்தப் பெண் வாழ்நாள் முழுவதும் தன்னைப் போல இல்லாத ஒருத்தியைச் சுவரில் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பச்சைத் திருமேனி என்று பாடப்படும் மீனாட்சியும், மலையடிவாரத்தில் கறுப்பனைக் காவல் வைத்த அழகரும் ஆளும் ஊர் இது என்று எழுதாத மதுரை எழுத்தாளர் இல்லை. எனக்கும் அந்த ஆசை வருகிறது. ஆனால் கோயிலில் கறுப்பைக் கும்பிட்டுவிட்டுப் பெண் பார்க்கையில் சிவப்பைத் தேடுவதில் நமக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை. ஆகவே அம்மனைச் சாட்சிக்கு அழைக்காமல், வரும் ஆடி விற்பனைக்கு ஒரே ஒரு தட்டியை மட்டும் மாற்றிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முடிவை எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: பெண்கள்தாம் வீட்டில் சமைக்கிறோம், துவைக்கிறோம். அதை அப்படியே காட்டினால் அது எப்படித் தவறாகும்? அண்மையில் ஆண்கள் துவைப்பதாகவும் காட்டுகிறார்களே, அதில் உங்களுக்கு நிறைவுதானே?
– ஓர் இல்லத்தரசி, திருப்பாலை

பதில்: காட்டுவது தவறன்று. நாட்டு நிலையும் அதுதான்: 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். அப்படி ஈடுபடும் ஆண்களே நால்வரில் ஒருவர்தாம். ஆனால் விளம்பரம் இந்த 299 நிமிடங்களைக் காட்டுவதில்லை. முதுகுவலியும், தண்ணீர் வராத குழாயும், மாலையில் வரும் எரிச்சலும் இல்லாத ஒரு புன்னகையைக் காட்டுகிறது. வேலையை அன்பாக மாற்றிவிடுகிறது. சட்டையில் கறை போகாவிட்டால் அது தூளின் குறையன்று, தாயின் பாசக் குறை. பிள்ளை வளராவிட்டால் அது அவள் சரியான சத்துமாவைக் கலக்காத குற்றம். எந்தத் தூள் நல்லது என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல மட்டும் வெள்ளை அங்கி அணிந்த ஓர் ஆணோ, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆண் குரலோ வந்துவிடும். நாள்தோறும் துவைப்பவளுக்குத் துவைப்பைப் பற்றித் தெரியாதாம்.

இன்னொன்று, விளம்பரத்தில் இல்லாதவர்களையும் பார்க்க வேண்டும். சிம்மக்கல் பக்கம் விடியற்காலையில் இட்லிக்கடை போடுகிற பெண்கள், மாட்டுத்தாவணிச் சந்தையில் பூ வாங்கித் தொடுத்து விற்பவர்கள், நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியோடு போகிறவர்கள் ஆகிய எவரும் மசாலாப் பொடி விளம்பரத்தில் வருவதில்லை, அவர்களும் மசாலாப் பொடி வாங்குகிறார்கள் என்றாலும். சுங்குடிச் சேலை விளம்பரத்தில் சேலையைக் கட்டி நிற்பவளைக் காண்கிறோம். வீட்டில் உட்கார்ந்து அந்தத் துணியில் ஒவ்வொரு புள்ளிக்கும் நூல் சுற்றி முடிச்சுப் போட்டவளை இதுவரை எந்தத் தட்டியிலும் நான் கண்டதில்லை.

ஆண்கள் துவைப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். 2015 முதல் ஏரியல் நிறுவனம், சலவைச் சுமையைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லித் தொடர் விளம்பரங்கள் எடுத்து வருகிறது. அவற்றுள், மகளின் வீட்டில் அவள் ஒருத்தியே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்வதைக் கண்ட தந்தை மனம் வருந்தும் படம் எனக்குப் பிடிக்கும். அவர் தம் மருமகனைக் குறை சொல்வதில்லை, தாம் வாழ்ந்த விதத்தைக் குறை சொல்லிக்கொள்கிறார். தூள் விற்கத்தான் எடுத்தார்கள், அறிவேன். நல்ல படம் எடுத்தும் தூள் விற்கலாம் என்று தெரிந்ததே ஆதாயம். மற்றபடி, ஆண் ஒருநாள் துணியை இயந்திரத்தில் போட்டதும் குடும்பமே கைதட்டிக் கொண்டாடும் விளம்பரங்களில் எனக்கு நிறைவில்லை. உங்களுக்கு யாராவது கைதட்டியிருக்கிறார்களா?

கேள்வி: பிடிக்காவிட்டால் பார்க்காமல் இருந்துவிடலாமே?
– திருமங்கலம் வாசகர்

பதில்: பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து உங்கள் ஊர் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டே பயணம் செய்ய முடியுமானால், செய்யலாம்.

கேள்வி: பெண்களைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆண்களை விளம்பரங்கள் என்ன பாடு படுத்துகின்றன என்று தெரியுமா? என் மகன் பதினாறு வயதில் முகக் களிம்பு கேட்கிறான்.
– ஒரு தந்தை, வாடிப்பட்டி

பதில்: தெரியும். 2005இல் ஆண்களுக்கென்றே ஒரு சிவப்பழகுக் களிம்பு வந்தபோது, அதன் விளம்பரங்கள் என்ன சொல்லின தெரியுமா? பெண்களின் களிம்பைத் திருட்டுத்தனமாகப் பூசிக்கொள்ளும் ஆணைக் கேலி செய்தன. கறுப்பாக இருப்பது ஒரு வெட்கம், அதைப் போக்கப் பெண்ணின் பொருளைத் தொடுவது அதைவிடப் பெரிய வெட்கம், இரண்டுக்கும் மருந்து இந்த டியூபில் இருக்கிறது என்ற கணக்கு. பெண்ணைத் தாழ்வாகக் கருதினால்தான் அந்தக் கேலி கேலியாகும். ஆகவே மகனுக்குச் செய்த தீங்கும் மகளின் வழியாகவே வந்தது. சிமெண்ட் முதல் வேட்டி வரை, ஆண் என்றால் அழாதவன், அடிபட்டால் திருப்பி அடிப்பவன், குடும்பத்துக்குச் சம்பாதித்துக் கொட்டுபவன் என்றே காட்டுகிறார்கள். வேலை கிடைக்காத இளைஞனுக்கு அந்தத் தட்டிகள் எப்படித் தெரியும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

உங்கள் மகனுக்குக் களிம்பை மறுப்பதைவிட, யார் என்ன சொன்னார்கள் என்று கேட்பது நல்லது. பெரும்பாலும் வகுப்பில் ஒரு பட்டப்பெயர் இருக்கும்.

கேள்வி: இத்துடன் ஒரு நாளிதழ் விளம்பரத்தை வெட்டி இணைத்திருக்கிறேன். இதுபோன்றவற்றுக்கு எங்கே புகார் செய்வது? செய்தால் பயனுண்டா?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், திருப்பரங்குன்றம்

பதில்: பயனுண்டு, ஆனால் எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று தெரிந்து தட்ட வேண்டும்.

விளம்பரத் துறை தானே அமைத்துக்கொண்ட அமைப்பு, 1985இல் தோன்றிய இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில். பாலினப் பாத்திரங்களைப் பற்றி அது 2022இல் தனி நெறிமுறை வெளியிட்டது. பெண் வீட்டைத் துடைப்பதாகவோ ஆண் அலுவலகம் போவதாகவோ காட்டலாம்; ஆனால் அது அந்தப் பாலுக்கு மட்டுமே உரியது, அவர்களுக்கு வேறு வழியே இல்லை என்று தோன்றும்படி காட்டக் கூடாது, அந்த வார்ப்பில் அடங்காதவர்களைக் கேலி செய்யவும் கூடாது என்கிறது. அவர்களின் இணையதளத்தில் எவரும் கட்டணமின்றிப் புகார் பதியலாம்.

தொலைக்காட்சி விளம்பரமானால் சட்டமே துணை நிற்கிறது. 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் ஏழாவது விதி, இனம், சாதி, நிறம், சமயம் ஆகியவற்றை இழிவுபடுத்தும் விளம்பரத்தைத் தடுக்கிறது. பெண்களை அடங்கிப் போகிறவர்களாக, குடும்பத்தில் இரண்டாம் இடத்தவராகக் காட்டுவதையும் தடுக்கிறது. அந்த விதியைப் படித்துவிட்டு இரவு ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சியைத் திறந்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, அது வேறு விஷயம். 2021இல் செய்த திருத்தத்தின்படி, புகாரை அந்த அலைவரிசைக்கே எழுதலாம். பதில் நிறைவளிக்காவிட்டால், மேல்முறையீடு செய்யவும் வழியுண்டு. நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறதே என்று பலரும் கேட்கிறார்கள். பொய்யான வாக்குறுதி தரும் விளம்பரங்களுக்கு அது ஏற்றது. ஏழு நாளில் நிறம் மாறும் என்று சொன்னால் அங்கே போகலாம். கறுப்பு அழகில்லை என்று குறிப்பால் உணர்த்தினால் அங்கே வழக்கு நிற்பது கடினம்.

புகாரில் விளம்பரம் வந்த நாள், நேரம், அலைவரிசை அல்லது நாளிதழின் பதிப்பு, பக்கம் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். 'நம் பண்பாட்டுக்கு விரோதமானது' என்று எழுதாதீர்கள். எந்தக் காட்சியில், எந்தச் சொல்லால், யார் தாழ்த்தப்பட்டார்கள் என்று இரண்டு வரிகளில் எழுதுங்கள். நீங்கள் அனுப்பிய விளம்பரத்தின் ஓரத்தில் தேதி வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. அந்த நாளிதழ் இன்னும் வீட்டில் இருந்தால், முழுப் பக்கத்தையும் எடுத்துவைத்துக்கொண்டு புகார் எழுதுங்கள். வெட்டிய துண்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.